பட்டாம்பூச்சிகளை எண்ணுகிறவர்கள் – வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனில் 1976ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்துவரும் பட்டாம்பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். ஊதியம் எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் வாரந்தோறும் ஒரே பாதையில் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணுகிறார்கள் என்ற செய்தி வாசகர்களிடையே வியப்பையும் சில இடங்களில் ஐயத்தையும் கிளப்பியிருப்பதை வந்து குவிந்த கடிதங்கள் காட்டுகின்றன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

இத்தகைய திட்டத்தை முதலில் தொடங்கியவர் யார்? அரசாங்கமா, அறிவியலாளரா, பொதுமக்களா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மூன்று தரப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எர்னி பொல்லார்ட் என்பதாகும். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், ஹண்டிங்டன் நகருக்கு அருகே, மாங்க்ஸ் வுட் என்ற பழங்காடு ஒன்று உள்ளது. அதை ஒட்டி 1960களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட ஆய்வு நிலையம், பூச்சிக்கொல்லிகள் பறவைகளுக்கு என்ன தீங்கு செய்கின்றன என்பதைக் கண்டறிந்த இடங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. பொல்லார்ட் அங்கே வேலை செய்த சூழலியலாளர். வயல்களுக்கு இடையே வளரும் உயிர்வேலிகளைப் பற்றி ஆராய்ந்து, மாக்ஸ் ஹூப்பர், நார்மன் மூர் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் ஒரு நூலே எழுதியவர். காட்டின் நிழலில் வாழும் ஒயிட் அட்மிரல் என்ற பட்டாம்பூச்சியையும் அதே காட்டில் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

அவர் முன் இருந்த சிக்கல் மிகவும் எளியதாகத் தோன்றக் கூடியது: ஓரிடத்தில் பட்டாம்பூச்சிகள் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூடினவா, குறைந்தனவா என்பதை எப்படி அறிவது? அப்போது வழக்கத்தில் இருந்த முறை, பூச்சிகளை வலையில் பிடித்து, இறக்கையில் மையால் குறியிட்டு விடுவித்து, மறுநாள் பிடிபடுவனவற்றுள் குறியிட்டவை எத்தனை என்று பார்த்துக் கணக்கிடுவது. ஒரே ஓர் இனத்தை ஒரே ஒரு புல்வெளியில் அறிவதற்கே ஓர் ஆய்வாளரின் கோடைக்காலம் முழுவதும் செலவாகிவிடும். நாடு முழுவதற்கும் அது நடவாத காரியம். ஆகவே பொல்லார்ட் 1973இல் மாங்க்ஸ் வுட் காட்டுக்குள் ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டு, பிடிக்காமல், குறியிடாமல், நடந்துகொண்டே எண்ணும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். சில ஆண்டுச் சோதனைக்குப் பிறகு, அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பொருளுதவி செய்ய, 1976இல் 34 இடங்களில் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வழியாக இந்த முறை உலகெங்கும் பரவி, இன்றும் 'பொல்லார்ட் நடை' என்றே அழைக்கப்படுகிறது.

பொதுமக்களின் பங்கு வேறொரு வழியில் வந்தது. 1968இலேயே சில இயற்கை ஆர்வலர்கள் பட்டாம்பூச்சிகளுக்கென ஒரு பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, பறவையியலாளரும் ஓவியருமான பீட்டர் ஸ்காட்டைத் தலைவராக்கியிருந்தார்கள். பொல்லார்டின் முறை வெளியானபின் அச்சங்கத்தின் உறுப்பினர்கள் அதைப் பின்பற்றித் தங்கள் ஊர்களில் தாங்களாகவே பாதைகளை அமைத்துக்கொண்டார்கள். அறிவியலாளரின் வலையமைப்பும் ஆர்வலரின் வலையமைப்பும் நெடுங்காலம் தனித்தனியே இயங்கி, 2006இல்தான் ஒன்றாயின. இப்போது ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து எண்ணிக்கை வருகிறது.

எண்ணுகிறவர் உண்மையில் என்னதான் செய்கிறார்? எங்கள் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன்.
– அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். தேர்ந்தபின் அதை மாற்றக் கூடாது. புதர், புல்வெளி, நீரோரம் என்று நிலம் மாறும் இடங்களில் பாதையைச் சிறு பிரிவுகளாகப் பிரித்து வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 29 வரை உள்ள 26 வாரங்களிலும், வாரத்துக்கு ஒரு முறை, ஒரே சீரான நடையில் அப்பாதையைக் கடக்க வேண்டும். நடப்பவரின் இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை மீட்டர், முன்னே ஐந்து மீட்டர், மேலே ஐந்து மீட்டர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி அவரோடு நகர்ந்துவருவதாகக் கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்குள் வருகிற பட்டாம்பூச்சி மட்டுமே கணக்கில் சேரும். ஆறு மீட்டர் தள்ளி எத்தனை அழகான, எத்தனை அரிய பூச்சி உட்கார்ந்திருந்தாலும் அதைச் சேர்க்க முடியாது. திட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மனம் ஒப்பாத விதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வானிலைக்கும் விதி உண்டு. வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் நடக்கக் கூடாது. 13க்கும் 17க்கும் இடையில் இருந்தால் பாதையில் குறைந்தது 60 விழுக்காடு வெயில் விழுந்திருக்க வேண்டும். 17க்கு மேல் போனால் மேகமூட்டம் குற்றமில்லை. மழையும் பலத்த காற்றும் கூடா. நேரம் முற்பகல் 10.45 முதல் பிற்பகல் 3.45 வரை. பட்டாம்பூச்சி தன் உடலை வெயிலில் சூடேற்றிக்கொண்டால்தான் பறக்கும் என்பதால், குளிர்ந்த நாளில் எண்ணினால் பூச்சிகள் இருந்தும் இல்லாததாகக் கணக்கு வந்துவிடும். நூறு வெவ்வேறு மனிதர்களின் எண்ணிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இந்த விதிகள் அடிப்படை என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். பூச்சியின் பெயர்களைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

ஒரே பூச்சி சுற்றிச் சுற்றிப் பறந்தால் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடாதா? அடுத்த வாரமும் அதே பூச்சி வந்தால்?
– வாசகர், காரைக்குடி

எண்ணப்படலாம். அதனால் கெடுதல் இல்லை. இந்தத் திட்டம் தருவது ஓரிடத்தில் இத்தனை பட்டாம்பூச்சிகள் வாழ்கின்றன என்ற தொகையன்று. வாராந்திர எண்ணிக்கைகளைக் கூட்டிக் கிடைக்கும் ஒரு குறியீட்டு எண்ணையே தருகிறது. தெருமுனையில் ஒரே கம்பத்தருகே தினமும் ஒரே நேரத்தில் நின்று கடந்துபோகும் சைக்கிள்களை எண்ணுகிறவருக்கு ஊரில் மொத்தம் எத்தனை சைக்கிள்கள் உள்ளன என்பது தெரியாது. ஆண்டுக்கு ஆண்டு சைக்கிள் ஓட்டம் கூடுகிறதா, குறைகிறதா என்பது நன்றாகத் தெரியும். இரட்டை எண்ணிக்கை எல்லா ஆண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நிகழ்வதால் ஒப்பீடு கெடுவதில்லை.

பயிற்சி இல்லாத பொதுமக்கள் எழுதித் தருவதை எப்படி நம்புவது? தவறாகப் பெயர் சொன்னால்? வேண்டுமென்றே கூட்டி எழுதினால்?
– ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர், சென்னை

புள்ளியியல் துறையில் இருந்தவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பொல்லார்டே இந்த ஐயத்தை எதிர்பார்த்திருந்தார். குறியிட்டு மீண்டும் பிடிக்கும் பழைய முறையில் கிடைத்த தொகைகளோடு நடை முறையின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தே ஏறி இறங்கின. முறை நிலைத்ததற்கு அது ஒரு காரணம்.

பெயரைப் பொறுத்தவரை, பிரிட்டனுக்கு இயற்கை ஒரு சலுகை செய்திருக்கிறது. அங்கே இனப்பெருக்கம் செய்து நிலையாக வாழும் பட்டாம்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 60 மட்டுமே. தமிழ்நாட்டில் மட்டும் 300க்கும் மேல். ஓர் ஆர்வலர் இரண்டு மூன்று கோடைகளில் பிரிட்டனின் எல்லா இனங்களையும் அடையாளம் காணக் கற்றுவிடலாம். பார்த்தவுடன் பிரித்தறிய இயலாத ஜோடிகளும் அங்கே உண்டு. எடுத்துக்காட்டாக, ஸ்மால் ஸ்கிப்பர், எஸ்ஸெக்ஸ் ஸ்கிப்பர் என்ற இரண்டு தாவும் பட்டாம்பூச்சிகளை உணர்கொம்பின் நுனி நிறத்தைக் கொண்டுதான் வேறுபடுத்த முடியும் என்பதால், ஐயம் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் தருகிற படிவத்தில் தவறு குறைகிறது. இதற்கும் மேலே, வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் ஒவ்வொரு பதிவையும் பார்க்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான மாதத்தில், வழக்கத்துக்கு மாறான இடத்தில் ஓர் இனம் பதிவானால், எண்ணியவரிடம் கேள்வி போகும்.

விடுபட்ட வாரங்கள் பெரிய தலைவலி. தன்னார்வலருக்குக் காய்ச்சல் வரும், பேரன் பிறப்பான், தொடர்ந்து மூன்று வாரம் மழை பெய்யும். அந்த வாரங்களைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டால் குறியீடு பொய்யாகிவிடும். ஓர் இனம் ஆண்டின் எந்த வாரங்களில் எப்படிப் பெருகித் தணிகிறது என்ற வளைவை மற்ற இடங்களின் தரவைக் கொண்டு வரைந்து, அதன் துணையால் விடுபட்ட வாரத்தை மதிப்பிடும் முறையை 2001ஆம் ஆண்டளவில் பீட்டர் ராதரி, டேவிட் ராய் என்ற இருவர் செம்மைப்படுத்தினார்கள். மக்கள் அறிவியல் என்றதும் நாம் வெயிலில் நடக்கிறவரை மட்டும் நினைக்கிறோம். அறைக்குள் அமர்ந்து அவருடைய குறிப்பேட்டின் ஓட்டைகளை நேர்மையாக அடைக்க வழி தேடுகிற இத்தகையவர்களையும் நினைக்க வேண்டும்.

வேண்டுமென்றே கூட்டி எழுதுவதால் எண்ணுகிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பரிசோ, பதவி உயர்வோ, பெயர்ப் பட்டியலில் முதலிடமோ எண்ணிக்கையைச் சார்ந்து இல்லாத இடத்தில் பொய்க்கு வேலை குறைவு. நம் நாட்டில் இப்படிப்பட்ட திட்டங்களைத் தொடங்குவோர் 'அதிக இனங்களைப் பதிந்தவருக்குக் கேடயம்' என்று அறிவிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

கடினமான ஒரு குறையைக் கேட்கிறேன். தன்னார்வலர் தம் பாதையைத் தாமே தேர்ந்தெடுத்தால் பட்டாம்பூச்சி நிறைந்த அழகான இடத்தைத்தானே தேர்வார்? அது நாட்டின் நிலையைக் காட்டுமா?
– ஆய்வு மாணவர், திருச்சி

காட்டாது. தொடக்கத்தில் எண்ணியவர்களுள் பலர் இயற்கைக் காப்பிடங்களின் காவலர்கள். பின்னர் வந்த ஆர்வலர்களும் இயல்பாகவே பூச்சி மிகுந்த சுண்ணாம்புக்குன்றுச் சரிவுகளையும் பழங்காடுகளையும் நாடினார்கள். பிரிட்டனின் பெரும்பகுதியோ கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமும் வீடுகளுமாக இருக்கிறது. இந்தக் கோணலைச் சரிசெய்யவே 2009இல் ஒரு துணைத் திட்டம் வந்தது. நாட்டை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, குலுக்கலில் விழும் சதுரத்துக்குத் தன்னார்வலர் செல்ல வேண்டும். ஆண்டுக்கு 26 முறை வரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்பதால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஓரிரு நடைகள் போதும் என்று வைத்தார்கள். பறவை ஆர்வலர்களும் இதில் கைகொடுத்தார்கள். பறவைக் கணக்கெடுப்புக்காக ஏற்கெனவே தமக்கென ஒரு சதுரத்தை வைத்திருந்தவர்கள் கோடையில் அதே சதுரத்துக்குப் பட்டாம்பூச்சிக்காகவும் போனார்கள். பூச்சியே இல்லாத பார்லி வயலின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு 'சுழியம்' என்று எழுதி அனுப்புவதற்கு ஒரு தனி மனப்பாங்கு வேண்டும். இந்தத் திட்டத்தில் என் மதிப்புக்கு மிகவும் உரியவர்கள் அவர்கள்தான்.

1976இல் பிரிட்டனில் கடும் வறட்சி என்று படித்திருக்கிறேன். அந்த ஆண்டில் தொடங்கிய கணக்கு சரியாக இருக்குமா?
– வாசகர், ஈரோடு

நல்ல நினைவாற்றல். 1976ஆம் ஆண்டின் வெயில் மிகுந்த கோடையில் பல இனங்கள் பெருகிக் காணப்பட்டன. வறட்சியில் புழுக்களின் உணவுச் செடிகள் காய்ந்துபோனதால் அடுத்த ஆண்டே பல இனங்கள் சரிந்தன. தொடக்கப்புள்ளி உயரமாக இருப்பதால் பிந்தைய ஆண்டுகளின் சரிவு மிகையாகத் தோன்றலாம் என்ற குறை உண்மையே. ஆகவே ஆய்வாளர்கள் முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் ஒப்பிடாமல் தொடர் முழுவதற்குமான போக்கைக் கணக்கிடுகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் பூக்கள் நிறைந்த இயற்கைப் புல்வெளிகளில் 97 விழுக்காடு 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் உழவுக்கும் உரத்துக்கும் இரையாகிவிட்டது. அதாவது, எண்ணத் தொடங்கியபோதே இழப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. வானிலையின் வகையில் தொடக்கப்புள்ளி உயர்ந்தது. வாழிடத்தின் வகையில் மிகவும் தாழ்ந்தது.

அரை நூற்றாண்டாக எண்ணி என்ன கண்டார்கள்? பொழுதுபோக்கைத் தாண்டி ஏதாவது பயன் உண்டா?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு ஜெரமி தாமசும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனின் பட்டாம்பூச்சி, பறவை, செடி ஆகியவற்றின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தந்த 150 லட்சம் பதிவுகள் அதற்கு அடிப்படை. செடியினங்களில் 28 விழுக்காடும் பறவையினங்களில் 54 விழுக்காடும் பரப்பில் குறைந்திருக்க, பட்டாம்பூச்சியினங்களில் 71 விழுக்காடு குறைந்திருந்தது. பூச்சிகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று அதுவரை இருந்த எண்ணத்தை அந்த ஒப்பீடு உலுக்கியது. ஊதியம் கொடுத்து ஆள்வைத்து இந்த அளவு தரவைத் திரட்ட எந்த அரசும் முன்வந்திருக்காது. 2022இல் வெளியான அறிக்கையும் 1970களுக்குப் பிறகு ஐந்தில் நான்கு இனங்கள் எண்ணிக்கையிலோ பரப்பிலோ இரண்டிலுமோ குறைந்திருப்பதாகச் சொல்கிறது. கமா என்ற இனத்தைப் போல வெப்பம் கூடக் கூட வடக்கே பரவிக்கொண்டிருப்பவையும் உண்டு.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. பெயின்ட்டட் லேடி என்ற செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வருவது பழங்காலத்திலிருந்தே தெரியும். இலையுதிர்காலத்தில் அது திரும்பிப் போகிறதா, குளிரில் மடிந்துபோகிறதா என்பதுதான் தெரியாமல் இருந்தது. திரும்பிச் செல்வதை யாரும் கண்டதில்லை. 2009இல் அவை கணக்கற்று வந்தபோது, ஐரோப்பா முழுவதிலுமிருந்து பொதுமக்கள் 60,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பினார்கள். அவற்றோடு, தெற்கு இங்கிலாந்தில் பூச்சிகளைக் கண்காணிக்கும் ரேடார் கருவிகளின் தரவையும் சேர்த்து ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. அவை திரும்பிப் போகின்றன, சராசரியாகத் தரையிலிருந்து 500 மீட்டருக்கும் மேலே, காற்றோட்டத்தின் துணையோடு. கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பறந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆர்க்டிக் விளிம்பு வரை சென்று திரும்பும் சுற்றுப் பயணம் ஏறக்குறைய 15,000 கிலோமீட்டர். அதை ஒரே பூச்சி முடிப்பதில்லை. ஐந்தாறு தலைமுறைகள் மாறி மாறிக் கடக்கின்றன. 2012இல் வெளிவந்த இந்த ஆய்வின் முதல் ஆசிரியர், ஸ்பெயினின் காத்தலோனியாப் பகுதியில் பட்டாம்பூச்சிக் கண்காணிப்பை நடத்திவரும் கொன்ஸ்டான்ட்டி ஸ்டெஃபனெஸ்கு.

மூன்றாவது, அடுத்த கேள்விக்கான விடையில் வருகிறது.

எண்ணியதால் ஓர் இனமாவது காப்பாற்றப்பட்டதா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

லார்ஜ் புளூ என்ற நீலப் பட்டாம்பூச்சியின் கதையைச் சொல்ல வேண்டும், அது முதலில் தோல்வியில் முடிந்ததாக இருந்தாலும்.

அழகுக்காக அதைப் பிடித்துச் சேகரிப்பவர்களால்தான் அது அழிகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். சேகரிப்பாளர்களைத் தடுக்க வேலி போட்டுப் பார்த்ததும் உண்டு. வேலி ஆட்களோடு ஆடுமாடுகளையும் வெளியே நிறுத்தியது. பட்டாம்பூச்சி அங்கேயும் மறைந்தது. 1970களில் எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தின் அருகிலேயே தங்கி, முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்று ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பிழைக்கின்றன, எத்தனை மடிகின்றன என்று எண்ணியவர், மேலே சொன்ன ஜெரமி தாமஸ். இந்தப் புழு தைம் என்ற நறுமணச் செடியில் சில வாரம் மேய்ந்துவிட்டுத் தரையில் விழும். எறும்புகள் அதைத் தங்கள் குஞ்சுப்புழு என்று ஏமாந்து கூட்டுக்குள் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்புகளின் புழுக்களையே தின்று பத்து மாதம் வளரும். இவ்வளவும் முன்பே தெரிந்ததுதான். தாமசின் எண்ணிக்கை புதிதாகக் காட்டியது, ஒரேயோர் எறும்பினத்தின் கூட்டில்தான் புழு போதிய அளவில் பிழைக்கிறது என்பதை. மிர்மிகா சபுலேட்டி என்ற அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். மண் சூடாக இருக்கப் புல் மிகவும் குட்டையாக மேயப்பட்டிருக்க வேண்டும். 1950களில் பரவிய ஒரு நோயால் முயல்கள் மடிந்ததும், லாபமில்லை என்று உழவர்கள் மலைச்சரிவுகளில் மேய்ச்சலை நிறுத்தியதும், புல் சில அங்குலம் உயர்ந்ததும், மண் குளிர்ந்ததும், எறும்பு இடம்பெயர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை.

காரணம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979இல் அந்த இனம் பிரிட்டனில் அற்றுப்போனது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால், மேய்ச்சலைச் சீரமைத்து, 1983 முதல் சுவீடனிலிருந்து அதே இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது தென்மேற்கு இங்கிலாந்தின் பல சரிவுகளில் அது பறக்கிறது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு கோடையிலும் அதை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை தானாக எதையும் காப்பாற்றுவதில்லை என்பதையும், அது இல்லாவிட்டால் வேலி போட்டு ஆட்டைத் துரத்தும் வேலையைத்தான் செய்துகொண்டிருப்போம் என்பதையும் இக்கதையில் சேர்த்தே காண்கிறேன்.

இதற்கெல்லாம் ஓய்வும் பணமும் உள்ளவர்களால்தானே நேரம் ஒதுக்க முடியும்?
– வாசகர், திருப்பூர்

பெருமளவுக்கு உண்மை. வாரநாளின் நடுப்பகலில் வெயில் அடித்தால் உடனே புறப்பட வேண்டும் என்ற விதி, பணி ஓய்வு பெற்றவர்களுக்கே பொருந்துகிறது. எனவே எளிய வழிகளையும் திறந்திருக்கிறார்கள். 2010இல் தொடங்கிய பெருங்கணக்கெடுப்பில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒரு வெயில் நாளில் 15 நிமிடம் எங்கேயாவது நின்று எண்ணினால் போதும். குழந்தைகளும் சேர்கிறார்கள். 2024இல் ஒரு கணக்குக்குச் சராசரியாக ஏழு பட்டாம்பூச்சிகளே தென்பட்டன. முந்தைய ஆண்டில் அது 12ஆக இருந்தது. தொடங்கியதிலிருந்தே மிகக் குறைந்த அளவு அது என்பதால், முன்பு சொன்ன பட்டாம்பூச்சிப் பாதுகாப்புச் சங்கம் 'பட்டாம்பூச்சி நெருக்கடி' என்றே அறிவித்தது. ஈரமும் குளிருமாக இருந்த வசந்தமும் அதற்கு ஒரு காரணம் என்பதால், அந்த ஓராண்டை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அதைச் சரியான அளவில் வைத்துப் பார்க்க, 26 வாரம் நடப்பவர்களின் நெடுந்தொடர் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் இதுபோல் உண்டா?
– வாசகர், வேலூர்

பல மாநிலங்களில் உண்டு. ஒகையோ மாநிலத்தின் தன்னார்வலர்கள் 1996 முதல் 2016 வரை பொல்லார்ட் முறையில் எண்ணியதில், மொத்தப் பட்டாம்பூச்சிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. 2025இல் 35 திட்டங்களின் 76,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 2000க்கும் 2020க்கும் இடையில் நாடு முழுவதும் 22 விழுக்காடு சரிவு தெரிந்தது.

கலிபோர்னியாவில் பேராசிரியர் ஆர்தர் ஷாப்பிரோ 1972 முதல் பெரும்பாலும் தனியாளாகவே, கடலோரத் தாழ்நிலத்திலிருந்து சியரா மலை வரை பத்து இடங்களை இருவாரத்துக்கொரு முறை நடந்து பதிந்துவந்தார். கார் ஓட்டாதவர் அவர். ஆண்டின் முதல் முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியைத் தமக்கு முன் பிடித்துவருகிறவருக்கு ஒரு குடுவை பீர் வாங்கித்தருவதாக ஆண்டுதோறும் பந்தயம் வைப்பார். பெரும்பாலும் அவரே வென்றார். வேடிக்கைதான், ஆனால் அந்த முதல் பூச்சியின் தேதிகளை வரிசையாக வைத்தால் வசந்தம் முன்னகர்ந்து வருவது தெரிகிறது.

தமிழ்நாட்டில் அதே விதிகளை அப்படியே கையாளலாமா?
– இயற்கை ஆர்வலர், கோயம்புத்தூர்

பாதை, பெட்டி, வாரம் ஒரு முறை என்பவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இங்குள்ள ஆய்வாளர்கள் பலர் பொல்லார்ட் நடையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் என்ற பருவத்தை மட்டும் கைவிட வேண்டும். அங்கே குளிர் பூச்சியை முடக்குகிறது. இங்கே மழைதான் எல்லாவற்றையும் நடத்துகிறது. இரு பருவமழைகளுக்கும் ஏற்ப ஆண்டு முழுவதும் எண்ணினால்தான் நம் நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரியும். 13 டிகிரி விதி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தவிர வேறெங்கும் தேவைப்படாது. அதற்குப் பதிலாக உச்சிவெயிலைத் தவிர்த்து, காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் நடப்பது நல்லது.

இன்னொரு வேறுபாடு வலசை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரியன், கருப்பன் என்ற பட்டாம்பூச்சி வகைகள் ஆயிரக்கணக்கில் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வந்து, அக்டோபரை ஒட்டி மேற்கே திரும்புகின்றன. அந்த நாள்களில் ஐந்து மீட்டர்ப் பெட்டி போதாது. ஒரு கோட்டைக் கடப்பவற்றை நிமிடக் கணக்கில் எண்ணி, திசையையும் குறிக்க வேண்டும். கோவையிலேயே இதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மறவன் 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னும் ஆர்வலர்களின் உழைப்பு இருந்தது. 2020 முதல் செப்டம்பரில் நாடெங்கும் 'பட்டாம்பூச்சிப் பெருமாதம்' நடத்துகிறார்கள். ஒரு மாதப் பட்டியல்கள் எங்கே எந்த இனம் உள்ளது என்பதைச் சொல்லும். கூடுகிறதா, குறைகிறதா என்பதைச் சொல்ல, சிலராவது ஒரே பாதையில் பத்தாண்டு நடக்க வேண்டும். படமெடுப்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை அதில் காட்டினால் நன்றாயிருக்கும் என்று, படமெடுக்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 71. முழங்கால் வலியால் நெடுந்தூரம் நடக்க முடியாது. வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் எருக்கும் உள்ளன. நான் எண்ணினால் பயன்படுமா ஐயா?
– வாசகி, மதுரை

பயன்படும், அம்மா. உங்கள் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் அழகிகள் என்ற பட்டாம்பூச்சிகள் முட்டையிடும், எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். மூன்று நல்ல உணவுச் செடிகள் ஓரிடத்தில் இருக்கின்றன. நாற்காலியைத் தினமும் ஒரே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், சரியாக 15 நிமிடம். ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டவை அதிகபட்சம் எத்தனையோ அதையே எழுதுங்கள். அப்படி எழுதினால் சுற்றிச் சுற்றி வரும் ஒன்றைப் பலமுறை எண்ணும் சிக்கல் வராது. தேதி, தொடங்கிய நேரம், வெயிலா மேகமா என்பதையும் குறியுங்கள். கைப்பேசியில் பதியும் செயலிகள் உள்ளன, பேரப்பிள்ளைகள் காட்டித்தருவார்கள். கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் போதும். பெயர் தெரியாத பூச்சி வந்தால் ஊகித்து எழுத வேண்டாம். 'சிறிய நீல வகை' என்றோ 'மஞ்சள் வகை' என்றோ எழுதி, முடிந்தால் இறக்கையின் அடிப்பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலான இனங்களை அந்த அடிப்பக்கத்தைக் கொண்டே பிரித்தறிய முடியும்.